வாத்தியார் ஏறினால் பஸ் நிற்குமா?

பாப்பிரெட்டிப்பட்டி,
14-6-1943.

மைத்துனர் கோவிந்தன் அவர்களுக்கு அர்ச்சுனன் ஆசி கூறி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்காள் சாலம்மாளும் எருமையும் சௌக்கியம். அரூரில் நீங்களும் கல்யாணப் பெண்ணும் மற்றவர்களும் சௌக்கியமாக இருக்கிறீர்களா?

உங்கள் கடிதம் கிடைத்தது. "மச்சான் கல்யாண பஸ்ஸில் ஏறாமல் முந்தின நாளே மாட்டு வண்டியில் சேலம் போய்விட்டால் நல்லது" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அக்காள் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. "எந்தம்பி வூட்டுக் கல்யாணத்துக்கு நான் பஸ்ல, நீங்க மாட்டு வண்டியிலயா?" என்று ஒரே அழுகை. உங்கள் மேல் தப்பில்லை. ஆசிரியர்களுக்கான விஞ்ஞான வகுப்புக்கு மூன்று மாதமாகச் சனிக்கிழமைதோறும் சேலம் போகிறேன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் கரிப்புகையில் ஓடும், நீங்கள் கல்யாணத்துக்குப் பேசியிருக்கும் அதே பஸ், நான் ஏறிய அத்தனை நாளும் மஞ்சவாடிக் கணவாய் ஏற்றத்தில் நின்றது வாஸ்தவம். என் ராசிதான் காரணம் என்று டிரைவர் மாது ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

"ஏம்பா, நான் வராத நாள்ல நிக்கிறதே இல்லியா?" என்று கேட்டேன்.

"நிக்குதுங்க. ஆனா அன்னிக்கெல்லாம் யாரால நிக்குதுன்னு தெரியலீங்க" என்றான்.

அந்தச் சமயம் பார்த்து சேலம் வகுப்பில் எங்கள் போதகர் ஒரு பாடம் நடத்தினார். எந்தச் சோதனைக்கும் முதலில் ஓர் ஊகம் எழுத வேண்டுமாம். பிறகு நாம் மாற்றுவது எது, அதனால் மாறுவது எது, மாறாமல் வைக்க வேண்டியவை எவை என்று தனித்தனியே குறிக்க வேண்டுமாம். சொந்தமாக ஒரு சோதனை செய்து காட்டினால்தான் தேர்ச்சி. நான் என்னையே சோதனைப் பொருளாக்கினேன். 'அர்ச்சுனன் ஏறினால் பஸ் நிற்கும், ஏறாவிட்டால் நிற்காது' என்பது ஊகம். ஒரு புதன்கிழமை நான் ஏறாமல் அனுப்பிப் பார்த்தேன், பஸ் ஜம்மென்று ஏறிப்போய்விட்டது! ஊரே சிரித்தது. ஆனால் போதகர் நோட்டைப் படித்துவிட்டு, "அன்றைக்குப் புதுக் கரி போட்டிருக்கிறார்கள், சுமையும் பாதி. ஒரே சமயத்தில் மூன்றை மாற்றினால் ஏற்றியது எது என்று எப்படி ஐயா தெரியும்?" என்று சிவப்பு மையால் அடித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

போன சனிக்கிழமை வழக்கமான கரி, வழக்கமான சுமை. முந்தின ராத்திரியே, நான் வழக்கமாக உட்காரும் முன்சீட்டில் எனக்குப் பதிலாக என் எடைக்குச் சரியாக எடைபோட்ட ஒரு புளி மூட்டையை உட்கார வைத்தேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட்டுக் காசு கேட்டார், கொடுத்தேன். நானோ விடியும் முன்பே நடந்து, கணவாயில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து காத்திருந்தேன். பஸ் புகை கக்கிக்கொண்டு வந்தது, திணறியது, என் கண்ணெதிரே நின்றது! பிரயாணிகள் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். நான் ஓடிப்போய் எல்லோருக்கும் முன்னால் நின்று தள்ளினேன். இத்தனை சந்தோஷமாக யாரும் பஸ் தள்ளியிருக்க மாட்டார்கள். போதகர் 'ஊகம் தவறு, சோதனை நன்று' என்று எழுதித் தேர்ச்சி போட்டார். உங்கள் அக்காள் அன்றே பாயசம் வைத்தாள். என் ஊகம் தப்பாகிப்போனதற்கு வீட்டில் பாயசம் வைத்தது இதுவே முதல் தடவை.

ஆகவே மாட்டு வண்டி வேண்டாம். கல்யாண பஸ்ஸிலேயே நாங்கள் இருவரும் வருகிறோம். பெண் பதினாறும் பெற்று நிறைவாக வாழட்டும். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அர்ச்சுனன்.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது மாது வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "சனிக்கிழமை வண்டி நல்லாத்தானுங்க ஏறிச்சு. மேல பாத்தா நீங்க பாறைமேல ஒக்காந்திருக்கீங்க. ஏறிட்டா உங்க மொவம் வாடிப்போவுமேன்னு நாந்தாங்க நிறுத்துனேன்" என்கிறான். மாறாமல் வைக்க வேண்டியவற்றில் டிரைவரின் மனசை எழுத விட்டுப்போயிருக்கிறது. சோதனையை மறுபடி செய்தாக வேண்டும். கல்யாண பஸ்ஸில் எனக்கு முன் சீட்டு வைக்கவும்.