பொரியாத முட்டைக்குக் காவல்

விலை ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால், அதற்குமேல் எனக்குக் காது கேட்பதில்லை. இது டாக்டர் கண்டுபிடித்த நோய் அல்ல. என் மனைவி சுமதி கண்டுபிடித்தது.

மூன்று வருடங்களுக்கு முன்பு, அபிராமபுரத்து எங்கள் ஃபிளாட்டில் ஓர் ஏஞ்சல் மீன் ஜோடி இருந்தது. நான்கு முறை முட்டையிட்டு, நான்கு முறையும் தானே தின்று தீர்த்த உத்தமத் தம்பதி. ஐந்தாவது முறை என்ன ஞானம் வந்ததோ, முட்டையை விட்டுவைத்தன. இருநூறு குஞ்சுகளாவது இருக்கும். நீந்தத் தொடங்கிய அன்றே அவற்றுக்குப் பொடித் தீனி கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் எல்லாம் காலி.

அந்தத் தீனிதான் ஆர்ட்டீமியா. எங்கோ வெளிநாட்டு உப்பு ஏரியில் ஒதுங்குகிற இறால் முட்டை. பார்க்கக் காப்பித்தூள் மாதிரி இருக்கும். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்றுக் குழாயை விட்டால், மறுநாள் பொடி இறால்கள் துள்ளும். வெங்காயம் விலை ஏறினால் ஊரே கொதிக்கிறது. இறால் முட்டை ஏறினால் கேட்க நாதி உண்டா? (சுமதி: “அதான் நீங்க இருக்கீங்களே!”)

சைதாப்பேட்டையில் பாயின் வளர்ப்பு மீன் கடைக்கு ஸ்கூட்டரில் பறந்தேன். பத்து வருடப் பழக்கம். அந்த மனுஷர் போன மாத விலையைப்போல் மூன்று மடங்கு சொன்னார்.

“என்ன பாய், தங்கமா விக்கறீங்க?”

“நான் இன்னா சார் பண்றது? அங்க ஏரில இந்த வாட்டி முட்டை கம்மியாம். டப்பா வர்றதே கஷ்டமா கீது.”

“ஏரி அங்க இருக்கு. போன வருஷ டப்பாவை வச்சுக்கிட்டு இங்க நீங்க ஏத்தறீங்க!”

பிறகு நான் பேசினேன். பதுக்கல், டாலர், கப்பல் கூலி, மனசாட்சி, ஒன்றையும் விடவில்லை. மீன் வாங்க வந்த ஒருவர் வாங்காமலே திரும்பிப் போனார். பாய் பெருமூச்சு விட்டு, உள்ளேயிருந்து வேறொரு பாக்கெட்டை எடுத்து வைத்தார். விலை பாதிகூட இல்லை. கூடவே ஏதோ விளக்கமும் சொன்னார். நான் ஜெயித்த மிதப்பில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பாட்டில், உப்பு, பம்ப், மேலே விளக்கு என்று எல்லாம் தயார். முதல் நாள் ஒன்றும் பொரியவில்லை. உப்பைக் கூட்டினேன். இரண்டாம் நாள் விளக்கை நெருக்கி வைத்து, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தொட்டியில் குஞ்சுகள் வயிறு ஒட்டிப்போய் ஒவ்வொன்றாக அடியில் விழுந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதால் மரியாதையாக இருக்காது என்பதால் பாய்க்கு போன் போட்டேன். சுமதியும் சாட்சியாக இருக்கட்டும் என்று ஸ்பீக்கரில்.

“செத்த முட்டையை என் தலையில கட்டிட்டீங்களே பாய்! ரெண்டு நாளாச்சு, ஒண்ணுகூடப் பொரியலை!”

“அது எப்டி சார் பொரியும்? ஓடு எடுத்த முட்டை அது. ஊற வைக்காதீங்க, அப்டியே ஒரு சிட்டிகை தூவுங்க, குஞ்சு துன்னும்னு ரெண்டு வாட்டி சொன்னேனே. நீங்க டாலரைப் பத்திப் பேசிக்கினு இருந்தீங்க.”

தீனியைத் தொட்டிக்கு ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு நாள் குஞ்சுகளைப் பட்டினி போட்டது பாய் இல்லை, ஏரி இல்லை, நான். சுமதி பாக்கெட்டில் மிச்சமிருந்ததிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினாள். பிழைத்தவை பதினொன்று.

அடுத்த மாதமே முட்டை விலை இறங்கிவிட்டது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

போன வாரம் தி. நகரில் ஒரு மிக்ஸியின் விலையைக் கேட்டதும், “இதென்ன அநியாயம்!” என்று ஆரம்பித்தேன். என் கையிலிருந்த ஹெல்மெட்டைச் சுமதி பிடுங்கி, அத்தனை பேர் நடுவிலும் என் தலையில் மாட்டிவிட்டாள்.

“அவர் பாட்டுக்குப் பேசட்டும். நீங்க விவரத்தை எங்கிட்ட சொல்லுங்க” என்றாள் கடைக்காரரிடம்.