கதவை மறைத்து நிற்கும் பெண்

பதினோராவது நாளாக அந்தப் பெண் கதவை விட்டு நகரவில்லை.

ஹேமநாதன் கயிற்றைக் கொடுத்துப் பார்த்தான். குடையைக் கொடுத்தான். பாதி மீனைக் கூடக் கொடுத்தான். ஒவ்வொன்றுக்கும் அவள் குனிந்து வணங்கினாள். ஒரே வரியைச் சொன்னாள். நிமிர்ந்து மறுபடியும் கதவை மறைத்துக்கொண்டாள்.

"இன்னும் அங்கதான் நிக்கிறாளா?" சமையலறையிலிருந்து அவன் மனைவி யோகேஸ்வரி கேட்டாள்.

"அசைய மாட்டேங்கிறா லா."

அவள் நின்றது டிவிக்குள். ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய கேம் மிஷின். கூடவே ஒரே ஒரு வட்டு. திரையில் கை வடிவத்தில் ஓர் அம்பு இருக்கும். அதை நகர்த்தி, கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்துப் பைக்குள் போட்டு, எதை யாரிடம் கொடுத்தால் வழி பிறக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பேச்செல்லாம் ஜப்பான் மொழி. ஹேமநாதனுக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. முதல் தீவின் ஆட்டுக்காரன் தொடங்கி எல்லாரிடமும் எல்லாவற்றையும் நீட்டி நீட்டியே ஐந்து தீவுகளைத் தாண்டிவிட்டான்.

கெலாங் பாத்தாவில் ஒரு ஜப்பான் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக ஒரே லைனுக்கு சூப்பர்வைசராக இருப்பவன் அவன். வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கேயோ முன்னேறிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. அதற்குள் இந்தக் கதவு.

"போன் கேமராவுல காட்டினா மொழிபெயர்த்துச் சொல்லுமேங்க," என்றாள் யோகேஸ்வரி.

காட்டினான். போன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தமிழில் எழுதியது: 'மிக்க நன்றி. தயவுசெய்து உங்கள் குதிரையை அணைக்கவும்.'

இருவரும் அதை இரண்டு முறை படித்தார்கள்.

"அணைக்கணும்னா கட்டிப்புடிக்கணுமா, தண்ணி ஊத்தணுமா?"

"குதிரை என்ன எரியுதா, தண்ணி ஊத்த?"

"அதை ஏன் என்கிட்ட கேக்குறீங்க? உங்க குதிரை."

குதிரை இருந்தது இரண்டாம் தீவில். இந்த அறையிலிருந்து திரும்பிப் போக வழியில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் உண்டு. ஹேமநாதன் கிளினிக்குக்குப் போய் முதுகு வலி என்றான். டாக்டர் தொட்ட இடத்தில் எல்லாம் 'ஆ' என்றான். தொடாத இடத்திலும் ஒரு தடவை 'ஆ' என்றான். மூன்று நாள் மருத்துவ விடுப்புக்கு எம்.சி. கிடைத்தது.

குதிரையைக் கட்டிப்பிடித்தான். அது உதைத்ததில் கதாநாயகன் கிணற்றில் விழுந்தான். ஏறி வந்து குதிரைமேல் தண்ணீர் ஊற்றினான். மறுபடியும் கிணறு. கிணற்றிலிருந்து ஏறவே ஒரு நாள் போயிற்று. குதிரை நன்றாக நனைந்த திருப்தியோடு மூன்றாம் நாள் மத்தியானம் அதே அறைக்கு வந்து சேர்ந்தான்.

அதே பெண். அதே வணக்கம். அதே வரி.

"என் அக்கா மக பிரவீனா ஜப்பான் மொழி படிக்கிறா இல்ல? போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புங்க," என்றாள் யோகேஸ்வரி.

அனுப்பினான். 'மூணு நாளா லீவு போட்டுட்டு இவளோட போராடுறேன், என்ன சொல்றான்னு பாரும்மா' என்று கீழே எழுதினான். அனுப்பிய பிறகுதான் மேலே பெயரைப் பார்த்தான். பிரவீனா இல்லை. புரொடக்‌ஷன் குழு, நாற்பத்து மூன்று பேர்.

"அலமாக்!"

"அழிங்க, அழிங்க!"

பதறிப்போய் அழித்தான். அவனுடைய போனில் மட்டும் அழிந்தது. மற்ற நாற்பத்திரண்டு பேரிடமும் அது பத்திரமாக இருந்தது.

'முதுகு வலிக்கு நல்ல மருந்துண்ணே' என்று பேக்கிங்கில் இருக்கும் சுகுமாறன் எழுதினான்.

ஹேமநாதன் அவசர அவசரமாகத் தட்டினான். 'அது ஆஸ்பத்திரி மிஷின் திரை. முதுகுக்கு சிகிச்சை' என்று பதில் போட்டான். அடுத்த நிமிடம் மேனேஜர் மொரிதாவிடமிருந்து ஒரு வரி வந்தது: 'வீட்டுக்கு வந்து பார்க்கிறேன்.'

யோகேஸ்வரி வேகமாக வேலை செய்தாள். கணவனை சோபாவில் குப்புறப் போட்டு, முதுகில் ஒன்பது பிளாஸ்டர் ஒட்டினாள். டிவியை நிறுத்தத் தோன்றாமல் அதன்மேல் ஒரு கைலியைப் போர்த்தினாள்.

"கேட்டா முனகுங்க."

"கேக்கலன்னா?"

"அப்பவும் முனகுங்க."

மொரிதா ஜப்பான்காரர், பதினெட்டு வருடமாக ஜொகூரில் இருப்பவர்; மலாய் சரளமாகப் பேசுவார். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு உள்ளே வந்தார். ஹேமநாதன் முனகினான். அவர் வாழைப்பழத்தை மேசையில் வைத்த அதே நேரம் கைலி சரிந்து கீழே விழுந்தது.

திரையில் அந்தப் பெண் குனிந்து வணங்கினாள்.

மொரிதா டிவிக்குப் பக்கத்தில் போனார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அவருடைய உதடு துடித்தது. பத்தொன்பது வருட வேலை போயிற்று என்று நினைத்த ஹேமநாதனுக்கு நிஜமாகவே முதுகு வலித்தது.

"ஹேமா-சான்," என்றார் மொரிதா மலாயில். "இந்தம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? 'கதை முடிந்தது. விளையாடியதற்கு மிக்க நன்றி. மிஷினை அணைத்துவிடுங்கள்.' நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"ரெண்டு தடவையா?" என்றாள் யோகேஸ்வரி.

ஹேமநாதன் துள்ளி எழுந்து உட்கார்ந்தான். முதுகு வலிக்காரன் அப்படி எழுந்திருக்கக் கூடாது என்பது எழுந்த பிறகுதான் உறைத்தது.

"பாஸ், மன்னிச்சிருங்க. நாளைக்குக் காலைல முதல் ஆளா வேலைக்கு வந்துர்றேன். இந்த மிஷினைத் தூக்கிப் போட்டுர்றேன்."

மொரிதா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். கதவை மெதுவாகச் சாத்தினார். டிவிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நான் இருபத்தெட்டு வருஷமா முதல் தீவுலயே நிக்கிறேன், அந்த ஆட்டுக்காரனுக்கு என்ன கொடுத்தீங்க?"