பலாப்பழம் படுத்திய பாடு

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. கொல்லையில் பலாமரமும் இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்பது என் மனைவியின் கட்சி.

"மரத்தைக் கட்டி வைக்க முடியாது. நீங்க வாயைக் கட்டுங்க."

அந்த மரமோ கொஞ்சமும் அடக்கமில்லாதது. உச்சாணிக் கிளையில் காய்த்தால் எட்டாது என்று விட்டுவிடலாம். இது அடிமரத்தில், என் இடுப்பு உயரத்தில் காய்க்கும். மனைவி தினமும் தட்டிப் பார்ப்பாள். 'டொக்' என்றால் காய். 'பொத்' என்றால் பழம். பழுத்ததெல்லாம் தெருவுக்கு. இலை ஆட்டுக்காரருக்கு. கொட்டை சமையலுக்கு. எனக்கு வாசனை.

சனிக்கிழமை ஒன்று 'பொத்' என்றது. கூடத்திலிருந்த எனக்கே கேட்டது. அவளே பறித்துக் கொல்லைப்படியில் வைத்தாள். ஞாயிறு காலை அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"சாயங்காலம் வந்துதான் வெட்டுவேன். நீங்க அந்தப் பக்கமே போகக்கூடாது."

"சேச்சே! என்னைப் பத்தி என்ன நினைச்சே?"

"அதைத்தான் நினைச்சேன்."

அவள் தெருமுனை திரும்பியதும் கத்தியை எடுத்தேன். நாலே சுளை என்று சத்தியம் செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன். பதினாலுக்கு மேல் எண்ணவில்லை.

அப்புறம்தான் கையைப் பார்த்தேன். பலாப்பால்! விரலோடு விரல் ஒட்டியது. கத்தி கையோடு வந்தது. துடைத்த துண்டு மீசையோடு வந்தது. சோப்பு போட்டேன். சோப்பும் ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் இப்படியொரு ஒட்டுதலை நான் கண்டதில்லை.

எண்ணெய் தடவினால் போய்விடும். அடுப்படிக்கு ஓடினேன். சமையல் எண்ணெய் இல்லை. குளியலறையில் தலைக்குத் தடவுகிற எண்ணெய் இல்லை. தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய்கூட இல்லை!

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பவர் ரிட்டயர்டு தபால்காரர்.

"சார், கொஞ்சம் எண்ணெய் கிடைக்குமா? கதவு கிறீச்சுங்குது."

"மீசையில என்ன சார், துண்டு தொங்குது?"

"அது... கதவைத் துடைச்சேன்."

அவர் உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். அதில் மூன்று பாட்டில்கள். மூன்றும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை.

"இந்தாங்க, உங்க வீட்டு எண்ணெய்தான். பத்து மணிக்குள்ள வந்து கேப்பீங்கன்னு தங்கச்சி காலையிலேயே குடுத்துட்டுப் போச்சு."

பையை வாங்கினேன். அதுவும் கையோடு ஒட்டிக்கொண்டது. அப்படியே திரும்பினேன்.

"சார், ஒரு நிமிஷம்! தின்ன சுளையோட கொட்டையெல்லாம் என்கிட்ட குடுத்துடுங்க. டாக்டர்கிட்ட சொல்லணுமாம், எண்ணி வைக்கச் சொல்லியிருக்கு."