கால் யூனிட்

இந்த வீட்டில் ஒரு முடிவாவது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, ஒரு வெந்நீர்த் தொட்டியைக் கொண்டுவந்து பின்பக்க வராந்தாவில் இறக்கினேன். காற்றடித்தால் உப்புகிற ரகம். இரண்டு பேர் காலை நீட்டி உட்காரலாம். பக்கத்திலேயே ஒரு ஹீட்டர். ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

உண்மைக் காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். என் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. கவுண்டருக்குப் பின்னால் நாள் முழுக்க நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். அந்த வாளியில் இரண்டு கால் சேர்ந்து நுழையாது. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை விடுவாள். பார்க்கிற எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் உனக்காகத்தான் என்று சொன்னால், "எனக்கெதுக்கு?" என்று தொட்டியை அன்றைக்கே தலைமுழுகிவிடுவாள். அதனால் எனக்கு இடுப்புவலி என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

"இது எவ்வளவு கரண்ட் இழுக்கும்?"

"ஒண்ணும் பெரிசா இழுக்காது."

"பெரிசா இல்லைன்னா, எத்தனை யூனிட்?"

பெயிண்ட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? "ரெண்டு கிலோவாட் ஹீட்டர். தினம் அரை மணி உக்காருவோம். நாளைக்கு ஒரு யூனிட், மாசம் முப்பது. முடிஞ்சுது."

"மீதி நேரம் தண்ணி சூடா இருக்கணுமே. நீங்க பக்கத்துல உக்காந்து கோவப்பட்டுக்கிட்டே இருப்பீங்களா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. "மூடி இருக்குல்ல? மூடிட்டா சூடு அப்படியே நிக்கும்."

"நிக்குமா?"

"நிக்கும்."

"சரி. போன மாசத்தைவிட முப்பது யூனிட்டுக்கு மேல ஏறிச்சுன்னா தொட்டி கடைக்குப் போயிடணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

தண்ணீர் சூடேற முழுசாக ஒரு ராத்திரி ஆயிற்று. காலையில் மீட்டரைப் பார்த்ததும் எனக்கும் சூடேறிவிட்டது. முப்பதில் இருபத்து மூன்று காலி. இன்னும் ஒரு விரல்கூட நனையவில்லை.

அன்று சாயங்காலம் அவள் தொட்டியில் இறங்கிக் கழுத்துவரை அமிழ்ந்து, "அப்பாடா" என்று ஒரு மூச்சு விட்டாள் பாருங்கள். கல்யாணமான நாளிலிருந்து என்னால் வரவழைக்க முடியாத மூச்சு. என்ன ஆனாலும் தொட்டி திரும்பிப் போகக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் மற்றதெல்லாம் அணைந்தது. டீவிக்கு லீவு. இஸ்திரிப் பெட்டிக்கு லீவு. சட்டையை மெத்தைக்கு அடியில் போட்டு அதன்மேல் படுத்தேன். கீசரை நிறுத்திவிட்டு, வீட்டில் ஒரு தொட்டி நிறைய வெந்நீர் இருக்க, பச்சைத் தண்ணீரில் குளித்து நடுங்கினேன். விளக்குப் போடாமல் ஷேவ் செய்தேன்.

"ஏங்க, மீசை என்னாச்சு?"

"ஸ்டைல்."

"ஒரு பக்கம் மட்டுமா?"

"இன்னொரு பக்கம் நாளைக்கு."

மீட்டர் அப்போதும் அடங்கவில்லை. அவள் உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் மூடி திறந்தே இருக்கிறதே, சூடெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது என்று கண்டுபிடித்தேன். சீக்கிரம் எழுந்து வா என்று சொன்னால் என் கணக்கின் லட்சணம் வெளியே தெரிந்துவிடும். அதனால் ஒரு தந்திரம் செய்தேன்.

"ரொம்ப நேரம் ஊறினா தோல் சுருங்கிடும். சீக்கிரம் எழுந்து வா, நான் கால் பிடிச்சுவிடறேன்."

"யாரு, நீங்களா? எவ்வளவு நேரம்?"

"கால் மணி."

"ஒரு காலுக்குக் கால் மணி. எனக்கு ரெண்டு இருக்குங்களே."

அரை மணியாயிற்று. டீவியும் விளக்கும் இல்லாத கூடத்தில், சோபாவில், அவள் கால் என் மடியில். முதல் நாள் மனசுக்குள் யூனிட் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் பேச ஆரம்பித்தாள். "அந்த வெள்ளை மாத்திரை குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முறைக்கிற பெரியவரைப் பற்றி. இருந்த ஒரே நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போன முதலாளியைப் பற்றி. ஒரே மஞ்சள் பெயிண்டுக்கு எங்கள் கம்பெனி ஒன்பது பெயர் வைத்திருப்பதை நான் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இவள் இவ்வளவு பேசுவாள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

நாளாக நாளாகத் தொட்டியில் இருக்கிற நேரம் குறைந்தது. ஒருநாள், "இன்னிக்கு நேரா சோபாவுக்கே வந்துடறேன்" என்றாள். மறுநாளும் அப்படியே. மூடியை யாரும் தொடக் கூடாது என்று நானே எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டேன். மீட்டர் பெட்டிப்பாம்பாக அடங்கியது. எல்லாம் என் மீசை செய்த தியாகம் என்று நம்பினேன்.

பில் வந்தது. போன மாதத்தைவிட இருபத்தெட்டு யூனிட்தான் கூடுதல்.

"பார்த்தியா? கணக்குன்னா இது கணக்கு."

"பார்த்தேன். நாளைக்குக் கடை வண்டி வருது, தொட்டியை எடுத்துட்டுப் போக."

"ஏன்? ஜெயிச்சது நான்தானே?"

"பிளக்கைப் பிடுங்கி ரெண்டு வாரமாச்சுங்க. முதல் நாளே மீட்டரை நானும்தான் பார்த்தேன்."

ஓடிப்போய் மூடியைத் தூக்கிக் கையை விட்டேன். ஜில்லென்றது. எனக்குச் சரியாகத் தண்ணி காட்டியிருக்கிறாள்.

"அப்போ உன் கால்வலி?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன். இடுப்புவலிக்காரன் கேட்கிற கேள்வி இல்லை அது.

"இடுப்புவலின்னு வாங்கிட்டு ஒருநாளாவது இறங்கினீங்களா? யாருக்காக வாங்கினீங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றாள். குரல் இறங்கியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சமாளித்துக்கொண்டு, "இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன்.

"எதுக்கு? வீட்டுலயே ஒண்ணு ஓடுது, கால் யூனிட்கூட ஆகலைன்னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன். என்ன மாடல்னு கேட்டாரு. பழசுதான், மீசை மட்டும் கொஞ்சம் ரிப்பேருன்னேன்" என்றபடி சோபாவில் சாய்ந்து இரண்டு காலையும் நீட்டினாள்.