நாற்காலியைத் துறந்தவர்

முன்னோடி என்று ஓர் இனம் உண்டு. பார்த்ததில்லை என்று நீங்கள் சொன்னால் நம்பமாட்டேன். நகரம் என்று ஒன்று இருந்து, அதில் இன்டர்நெட் இருந்து, ஒரு கோப்பை காப்பியை ஆறிப்போகும்வரை படம் பிடிக்க இடம் தரும் கடை ஒன்றும் இருந்துவிட்டால், அதன் மூலை மேசையில் முன்னோடி உட்கார்ந்திருப்பார். நான் சில வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியவள். போன இடங்களில் மொழி மாறியது, தண்ணீரின் ருசி மாறியது, பேருந்தில் ஏறுகிற பக்கம்கூட மாறியது. முன்னோடி மாறவில்லை. எங்கும் அதே பெரிய வட்டக் கண்ணாடி. கணுக்காலுக்கு மேலேயே மனம் மாறி நின்றுவிட்ட கால்சட்டை. யாரோ கூடாரமாகப் பயன்படுத்திய துணியில் தைத்த பை.

ஆளை அடையாளம் காண உடைகூட வேண்டாம். புதிதாக எதையாவது சொல்லிப் பாருங்கள். ஒரு பாட்டு, ஒரு செயலி, ஒரு செருப்புக் கடை, எதுவானாலும் சரி. முகத்தை லேசாகச் சாய்த்து, துக்க வீட்டில் விசாரிக்கிற குரலில், "அது முடிஞ்சு போச்சே" என்பார். எப்போது முடிந்தது? உங்களுக்குத் தெரிய வருவதற்குச் சற்று முன்பு. எப்போதும் சற்று முன்புதான். தனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று சொந்தத் தங்கை வந்து சொன்னபோதும் ஒரு முன்னோடி வாய் தவறி இதையே சொல்லிவிட்டாராம். தங்கை அப்புறம் பல மாதம் பேசவில்லை.

அந்தத் தங்கையின் அண்ணன்தான் என் அக்கா வேலை பார்க்கும் ஆபீசின் தலைவர். தலைவர் என்று சொல்லக்கூடாது. பதவிகளெல்லாம் முடிந்து போய்விட்டன. அவருடைய விசிட்டிங் கார்டில் 'எண்ணங்களின் தோட்டக்காரர்' என்று இருக்கிறது. அந்த ஆபீஸ் இன்டர்நெட்டுக்காகச் சின்னச் சின்ன வீடியோக்கள் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 'கடைசியில் நடந்ததைப் பார்த்து அதிர்ந்துவிடுவீர்கள்' என்று தலைப்பு வைக்கிறது. தலைப்பு வைப்பது அக்காவின் வேலை. கடைசியில் ஒன்றும் நடக்காது. பூனை எழுந்து போய்விடும்.

ஆபீஸ் இருக்குமிடம் ஒரு பழைய கிடங்கு. முன்பு அதற்கு நல்ல சுவர்கள் இருந்தன. முன்னோடி ஆள் வைத்துப் பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் தெரிய விட்டு, கூரைக்குள் அடக்கமாக இருந்த குழாய்களை வெளியே இழுத்துத் தொங்கவிட்டு, தரையில் பாதியை மட்டும் மெருகேற்றினார். ஒருமுறை அவருடைய அம்மா வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மகனைத் தனியே அழைத்து, "ஏன்டா, மேஸ்திரி பாதியில ஓடிட்டானா?" என்று கேட்டார். அந்த ஆபீசைப் பற்றி இதைவிடச் சரியாக இதுவரை யாரும் எழுதியதில்லை.

என் அக்கா எழுதப் பார்த்தாள். அவளுக்கு நீண்ட நாள் ஆசை, டிவிக்கு ஒரு நகைச்சுவைத் தொடர் எழுத வேண்டும் என்று. ஒரு சேனல்காரர் ஒப்புக்கொண்டார். வாரம் ஒரு பகுதி. முதல் பருவம் பிடித்துப் போனால் இரண்டாம் பருவம். பிடிக்காவிட்டால் மறுபடியும் பூனை. கதை எதைப் பற்றி என்று கேட்கிறீர்களா? ஒரு கிடங்கில் ஓர் ஆபீஸ். அதற்கு ஒரு தலைவர். வட்டக் கண்ணாடி, குட்டைக் கால்சட்டை, பேச்சுக்குப் பேச்சு "அது முடிஞ்சு போச்சே". கார்டில் 'எண்ணங்களின் மாலுமி'. தோட்டக்காரரை மாலுமியாக்கியதே பெரிய மாறுவேடம் என்று அக்கா நினைத்துவிட்டாள்.

நினைத்தாளே தவிர, பயம் விடவில்லை. தன்னை இப்படிக் கிழித்துக் காயப்போட்டிருப்பது தெரிந்தால் அவர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தொடரும் ஊற்றிக்கொண்டால் அவளுக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை. மறைக்கவும் வழியில்லை, பெயர் திரையில் வரப்போகிறது. ஆகவே ஒளிபரப்புக்கு முந்தின நாள், டிவிக்கு ஏதோ எழுதியிருக்கிறேன் சார் என்று மென்று விழுங்கினாள். முன்னோடி இரக்கத்தோடு பார்த்தார். டிவி முடிஞ்சு போச்சே என்றார். பிறகு கண்ணாடிக்குள் ஏதோ மின்னியது. முடிந்து போனதால்தான் இனிமேல் நன்றாக இருக்கும், எல்லாரும் ஆபீசிலேயே சேர்ந்து பார்ப்போம் என்று அறிவித்துவிட்டார்.

அக்கா துணைக்கு என்னையும் இழுத்துப் போனாள். திரையில் மாலுமி வந்தார். பேசினார். கால்சட்டையை இன்னும் கொஞ்சம் மடித்துவிட்டுக்கொண்டார். ஆபீசில் எல்லாரும் ஓரக்கண்ணால் முன்னோடியைப் பார்த்தார்கள். அங்கே வேலை பார்க்கும் எடிட்டர் அண்ணன் மட்டும் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். அப்போது ஒரு பெரிய சிரிப்பு கிளம்பியது. முன்னோடி. தொடையைத் தட்டி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, விளம்பர இடைவேளைவரை சிரித்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இவன் யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அக்கா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எதிர்க் கட்டடத்துல இருக்கானே, அந்த விளம்பர கம்பெனிக்காரன். அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்க. பாவம், பார்த்தா மனசு கஷ்டப்படுவான்."

அன்று அக்கா வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள். சோதனை அடுத்த வாரம்தான் ஆரம்பித்தது.

இரண்டாம் பகுதியில் மாலுமி தன் ஆபீசிலிருந்து நாற்காலிகளை ஒழித்துக்கட்டுகிறார். உட்கார்ந்தால் எண்ணமும் உட்கார்ந்துவிடுமாம். அக்கா ரொம்ப யோசித்துக் கண்டுபிடித்த கிறுக்குத்தனம் அது. ஒளிபரப்பான சில நாட்களில் அவள் ஆபீசுக்குப் போனால் அங்கே நாற்காலி இல்லை. எல்லாவற்றையும் ஒரு லாரி ஏற்றிப் போய்விட்டது. முன்னோடி ஒற்றைக்கால் மாற்றி ஒற்றைக்காலில் நின்றபடி, எதிர்க் கட்டடத்தானுக்கு இது வெறும் வேஷம், நமக்குக் கொள்கை என்று விளக்கினார். நாளெல்லாம் திரையைப் பார்த்துப் படம் வெட்டி ஒட்டும் எடிட்டர் அண்ணனுக்கு ஏற்கெனவே முதுகுவலி. அவர் பேப்பர் கட்டுகளை அடுக்கி, மேலே பழைய போர்வையைப் போட்டு, யாராவது வந்தால் எழுந்து நின்று, மற்ற நேரம் ரகசியமாக உட்கார்ந்து வந்தார்.

மூன்றாம் பகுதியில் முட்டைக்கோஸ் வந்தது. கூட்டத்தில் யார் கையில் முட்டைக்கோஸ் இருக்கிறதோ அவருக்கே பேச்சுரிமை என்று மாலுமி சட்டம் போடுகிறார். இதையாவது செய்யமாட்டார் என்று அக்கா என்னிடம் பந்தயமே கட்டினாள். அடுத்த கூட்டத்துக்கு முன்னோடி ஒரு முட்டைக்கோஸோடு நுழைந்தார், கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரி. ஆனால் பேசும்போது பதற்றத்தில் ஆளுக்கு ஓர் இலையாக உரித்துவிட, எடிட்டர் அண்ணனின் முறை வரும்போது கையில் வெறும் தண்டுதான் மிச்சம். அவர் கேட்க நினைத்ததோ நாற்காலி. தண்டை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய விஷயத்தைக் கேட்க முடியுமா? பேசாமல் உட்கார்ந்தார். அதாவது, நின்றார்.

இங்கேதான் அக்காவின் பிழைப்பில் மண் விழுந்தது. ஊரெங்கும் உள்ள முன்னோடிகள் தொடரைப் பார்த்து, தத்தம் எதிர்க் கட்டடத்தானை நினைத்துச் சிரித்துவிட்டு, மறுநாள் முட்டைக்கோஸ் வாங்கப் போய்விட்டார்கள். நின்று நின்று கால் வீங்கிய ஜனங்கள் சேனலுக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். சேனல்காரர் அக்காவை அழைத்தார்.

"மேடம், நாங்க காமெடின்னு போடறோம். அவங்க செய்தின்னு பார்க்கறாங்க. ஒருத்தருக்கும் சிரிப்பு வரல, வயிறுதான் எரியுது. கடைசிப் பகுதியில உலகத்துல எங்கயும் நடக்காததா ஒண்ணு எழுதுங்க. இல்லைன்னா இதோட மூட்டை கட்டிடலாம்."

எங்கும் நடக்காதது. அக்கா வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வேலை செய்வது? செய்துவிடுவார். வாய் பேசாமல் முனகலிலேயே கூட்டம் நடத்துவது? அவர் அதை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார், அக்காவைக் கேட்காமலே. கடைசியில் நான்தான் கேட்டேன், அந்த ஆளால் செத்தாலும் செய்ய முடியாதது ஒன்றாவது இருக்கிறதா என்று.

நடை நின்றது.

"தெரியாதுன்னு சொல்றது" என்றாள் அக்கா. "அதுக்கு அப்புறம் நாம சொல்றதைக் கேக்கறது."

"எழுது."

"நீ ரொம்பப் பேசாதே. நீயும்தான் ஊர் சுத்திட்டு வந்ததுல இருந்து எதைச் சொன்னாலும் 'அங்கெல்லாம் இப்ப இது இல்லை'ங்கற." சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

அந்தக் கடைசிப் பகுதியை நீங்கள் பார்த்திருந்தால் மறந்திருக்கமாட்டீர்கள். கூட்டத்தில் யாரோ ஒரு புது வார்த்தையைச் சொல்கிறார்கள். மாலுமி முகத்தைச் சாய்க்கிறார். எல்லாரும் வழக்கமான வசனத்துக்குக் காத்திருக்கிறார்கள். அவரோ, "எனக்குத் தெரியாதே, சொல்லுங்க" என்கிறார். அவ்வளவுதான். ஒருவர் தண்ணீர் தெளிக்கிறார், ஒருவர் டாக்டருக்குப் போன் போடுகிறார், அம்மா ஆட்டோ பிடித்து ஓடிவந்து மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். மாலுமி எதற்கும் அசையாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்தவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நடக்கவே நடக்காது என்று தெரிந்த நிம்மதிச் சிரிப்பு. சேனல்காரர் அப்போதே போன் செய்து இரண்டாம் பருவத்தை உறுதி செய்தார்.

முன்னோடி மட்டும் சிரிக்கவில்லை. ஆபீசில் நின்றபடி பார்த்து முடித்துவிட்டு, அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். புரிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று அக்கா முடிவுகட்டினாள். அவர் அனுப்புவதற்குள் நாமே போய்விடலாம் என்று மறுநாள் ராஜினாமாவை எழுதிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

போனால், நாற்காலிகள் திரும்பி வந்திருந்தன. எடிட்டர் அண்ணன் ஒன்றில் சாய்ந்து, கண்களை மூடி, கோயிலில் இருப்பவர்போல் இருந்தார். நடுவே உட்கார்ந்திருந்த முன்னோடி எல்லாருக்கும் புது விசிட்டிங் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் 'தலைமை அறியாதவர்' என்று இருந்தது. அன்றுமுதல் அந்த ஆபீசில் யாருக்கும் எதுவும் தெரியக்கூடாது. எடிட்டர் அண்ணனிடம் ஏதோ ஒரு வீடியோ எங்கே என்று கேட்டார். அண்ணன் உண்மையிலேயே தேடிப் பார்த்துவிட்டு, தெரியலையே சார் என்றார்.

முன்னோடி கனிவோடு தலையசைத்தார். "நல்ல முயற்சி. ஆனா உங்களுக்குத் தெரியாம இருக்கறது கொஞ்சம் பழைய மாதிரி இருக்கு."

அக்கா காகிதத்தை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. முகம் மெல்லச் சாய்ந்தது.

"ராஜினாமாவா? அது முடிஞ்சு போச்சே."

அக்கா இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். இரண்டாம் பருவத்துக்கு வேறெங்கே போவாள்?

போன வாரம் நான் எதிர்க் கட்டடத்துக்காரரைச் சந்தித்தேன். குட்டைக் கால்சட்டைதான். தொடரை ஒரு பகுதி விடாமல் பார்த்தாராம், அப்படிச் சிரித்தாராம். அந்த மாலுமி யார் தெரியுமா என்று கண்ணடித்துவிட்டு, விரலை நீட்டி ஜன்னலுக்கு வெளியே எங்கள் அக்காவின் ஆபீசைக் காட்டினார்.

இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கும் ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்குமே? அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்று தோன்றி, அவருக்கு அனுப்பி வைக்கலாமா என்றுகூட யோசித்திருப்பீர்கள். சிரமப்பட வேண்டாம். அவர் ஏற்கெனவே படித்துவிட்டார். இப்போது ஜன்னல் ஓரமாக நின்று, உங்கள் கட்டடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.