ஏரியை மூன்று சுற்று சுற்றிய மாப்பிள்ளை

மான்ஹோவின் இடுப்பு வலி நாள் பார்த்துத்தான் வரும். குளிர்காலம் முழுக்கத் தின்ன முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போட மாமியார் வீட்டு வாசலில் முட்டைக்கோஸ் மலையாகக் குவியும் அன்று காலையில் தவறாமல் வந்துவிடும். மைத்துனர்கள் மூட்டை சுமப்பார்கள், உப்பு போடுவார்கள், மிளகாய் விழுது பூசிப் பூசிக் கை எரிய நிற்பார்கள். மாப்பிள்ளை உள்ளே, அடியில் கணப்பு வைத்த சூடான தரையில் மல்லாந்து படுத்தபடி ருசி மட்டும் பார்த்துச் சொல்வார். வருஷக்கணக்காக இதே கதை. தன் சாமர்த்தியத்தில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

பள்ளிக்கூட நாளில் அவர் பெரிய ஓட்டக்காரர். அதிலும் பெருமைதான். ஆனால் ஊரில் ஓடிக் காட்ட முடியுமா? எதிர்க் கட்டடத்திலேயே மூத்த மைத்துனன் குடியிருக்கிறான். இடுப்பின் மானம் கப்பலேறிவிடும்.

அக்டோபர் விடுமுறைக்கு மனைவி ஹேசுனோடு ஜப்பான் வந்திறங்கினார். ஏரிக்கரை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருக்க, தலை நரைத்த ஜப்பானியர் ஒருவர் குதித்துக் குதித்து ஓடிப் போனார். ஹேசுன் பெருமூச்சு விட்டாள்.

"உங்க வயசுதான் இருக்கும். கால் எப்படிப் போகுது பாருங்க. உங்களுக்குத்தான் பாவம், இடுப்பு."

மான்ஹோவுக்குச் சுருக்கென்றது. கடல் தாண்டிய ஊர். இங்கே தன்னை யாருக்குத் தெரியப்போகிறது?

"நேத்து வெந்நீர் ஊத்துல முங்கி எழுந்தேன்ல? வலி போன இடமே தெரியல. நாளைக்கு நானும் ஓடறேன்."

"வேணாங்க. நடுவுல விழுந்து வெச்சா, தூக்கிட்டுப் போகச் சொல்லக்கூட எனக்கு இந்த ஊர் பாஷை தெரியாது."

"அந்த ஆள் ரெண்டு சுத்துன்னா நான் மூணு சுத்து."

ஹேசுன் கொஞ்சம் யோசித்தாள். ஊரில் தள்ளுபடியில் கிடைத்த, ஓடுவதற்கான ஷூ ஒரு ஜோடி பெட்டியில் துணிக்கு அடியில் கிடப்பதாகச் சொன்னாள். போட்டுப் பார்த்தார், அளவெடுத்ததுபோல் இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஓடினார். முதல் சுற்றில் ரோஷம் ஓட்டியது. இரண்டாவது சுற்றில் நரைத்த தலையையே முந்தினார். அந்த ஜப்பானியர் ஓடிக்கொண்டே தலை வணங்கினார். மூன்றாவதில் உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது, ஆனாலும் நிற்கவில்லை. பெஞ்சைக் கடக்கும்போதெல்லாம் ஹேசுன் எழுந்து நின்று கைதட்டினாள், செல்போனில் படம் எடுத்தாள். மனிதர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிச் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் கண்ணில் இவ்வளவு பூரிப்பை அவர் பார்த்ததில்லை. ஊரையே ஜெயித்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு அவர் பெஞ்சில் சாயும்போதே அவளுடைய போன் விடாமல் ஒலித்தது. யார் என்று கேட்டார்.

"நம்ம குடும்ப குரூப்புல உங்க ஓட்டத்தைப் போட்டேங்க. அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துடுச்சாம். மாப்பிள்ளைக்குக் குணமாயிடுச்சேன்னு, என் தம்பிங்க ரெண்டு பேருக்கும் இந்த வருஷம் கிம்ச்சி வேலையிலேர்ந்து லீவு குடுத்துட்டாங்க."

மான்ஹோவின் கை தானாக இடுப்புக்குப் போனது. "இப்பப் பாரு, லேசா பிடிக்குது..."

"பிடிக்கட்டும். கிம்ச்சிக்கு முந்தின நாள் நம்ம ஊர்லயே உங்க வெந்நீர்க் குளியலுக்கு இடம் சொல்லி வெச்சாச்சு."

பையிலிருந்து சிவப்பு ரப்பர் கையுறை ஒரு ஜோடியை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"போட்டுப் பாருங்க. ஷூ வாங்கின அன்னைக்கே வாங்கினது."