செல்லாது லோயரும் என் கலியாணமும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஒரு நாள் கப்பல் வராமல் இருக்கலாம்; எங்கள் செல்லாது லோயர் "செல்லாது" என்று சொல்லாமல் ஒரு நாளும் போகாது. லிங்கநகரில் எங்களுக்கு எதிர்வீடு. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். கறுப்புக் கோட்டை வெயிலுக்கும் கழற்றமாட்டார். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பதில் தெருவில் இரண்டு கட்சி.

தேத்தண்ணிக் கடையில் கிரிக்கெட் மட்ச்சுக்கு மீசையைப் பந்தயம் வைத்துத் தோற்ற ஒருவர், சவரக்கத்தியோடு துரத்தியவனுக்குப் பயந்து லோயரின் விறாந்தையில் ஏறினார்.

"பந்தயம் சட்டப்படி செல்லாது. மீசையில கை வச்சால் நீர்தான் உள்ள போவீர்!" என்றார் லோயர். மீசை பிழைத்தது.

பிறகு சல்லிக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். டைனமைட் போட்டுப் பிடித்த மீனில் கூட்டாளி பங்கு தரவில்லையாம். எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறார்களாம்.

"குற்றம் செய்யிறதுக்கு எழுதின ஒப்பந்தம் செல்லாது. இதை நீதவானிட்டக் காட்டினால் பங்கு கிடையாது, ரெண்டு பேருக்கும் ஒரே அறை கிடைக்கும்."

வந்தவர் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார்.

எனக்கு இதெல்லாம் பகிடியாகத்தான் இருந்தது, என் தலையில் வந்து விடியும்வரை. துறைமுகத்தடியில் சாமான் ஏற்றி அனுப்பும் கந்தோர் ஒன்றில் எனக்கு வேலை. கலியாணம் கட்டமாட்டேன், கட்டினால் வேலையை விட்டுவிட்டு ஊரில் வேறெந்தக் கந்தோரிலும் சேரமாட்டேன் என்று, சேர்ந்த அன்றே முதலாளி எழுதி வாங்கியிருந்தார். முத்திரை ஒட்டி அதன்மேல் கையெழுத்து. முத்திரை ஒட்டிவிட்டால் பிறகு பிரம்மாவாலும் மாற்ற ஏலாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நானும் அப்படித்தான் நம்பினேன். மாப்பிள்ளை சரிவந்து நாளும் வைத்த பிறகு, வேலையா கலியாணமா என்று கேட்டார் முதலாளி. என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. கலியாணத்தை நிற்பாட்டச் சொல்லி அம்மாவிடம் அழுதேன். அது எதிர்வீட்டுக்குக் கேட்டுவிட்டது.

அடுத்த நாள் லோயர் எங்கள் கந்தோருக்குள் நுழைந்து, முதலாளிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"கலியாணத்தைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது."

"முத்திரை ஒட்டியிருக்கு, ஐயா!" என்றார் முதலாளி.

"முத்திரை ஒட்டினால் வேப்பங்காய் மாங்காயாகுமோ?"

"அவ விரும்பித்தானே கையெழுத்து வச்சவ?"

"விரும்பி வச்சாலும் செல்லாது. வழக்குப் போடுங்கோ. எனக்கு நல்ல வழக்கொண்டு வந்து கனகாலம். நீங்கள் போடுமட்டும் இங்கதான் இருப்பன்."

மத்தியானம்வரை அசையவில்லை. முதலாளிக்கு வந்த தேத்தண்ணியையும் அவரே குடித்தார். அதைப் பார்க்க எனக்கும் துணிவு வந்துவிட்டது. கலியாணக் கார்டை எடுத்து முதலாளியின் மேசையில் வைத்தேன்.

"கட்டாயம் வரோணும், சேர். எனக்கு லீவும் வேணும். கலியாணம் முடிய வேலைக்கு வருவன்."

சொன்னபடி வந்தேன். இன்றும் அதே கந்தோரில்தான் இருக்கிறேன். முதலாளிதான் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார்.

கலியாண வீட்டில் லோயரிடம் பீஸ் எவ்வளவு என்று கேட்டேன். முறைத்தார்.

"அப்ப ஞாயிறுகளில உங்களுக்கு மீன்கறி வரும், ஐயா."

"என்ன மீன்? எவ்வளவு? எந்தக் காலம்வரைக்கும்? தெளிவில்லாத ஒப்பந்தம் செல்லாது, பிள்ளை."

நான் அதைக் காதில் போடவில்லை. ஆளில்லாத வீட்டில் அந்த மனிதர் தனியாகப் பேக்கரிப் பாண் தின்பது எனக்குப் பொறுக்காது. போன ஞாயிறும் பாரைமீன் கறியோடு போனேன்.

"பிள்ளை, இதை நீ எப்ப வேணுமெண்டாலும் நிப்பாட்டலாம். சட்டம் உன்னை ஒண்டும் கேளாது."

"அப்ப நிப்பாட்டட்டோ, ஐயா?"

கிழவர் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.